விண்டோஸ் 98இல் திறக்கும் ஒரு தமிழ்ப் பக்கம்

போன டிசம்பரில் மன்னார்குடி போயிருந்தபோது சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை இறக்கினோம். 2000இல் தொடங்கி ஏழெட்டு வருடம் அவர் பிரவுசிங் சென்டர் நடத்தியவர். பிளைவுட் தடுப்பு வைத்த நாலு கேபின், ஒரே ஒரு டெலிபோன் லைன், அதை நாலு மெஷினும் பங்கு போட்டுக்கொள்ளும். பிளஸ் டூ ரிசல்ட் வருகிற காலையில் கடை வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன், கவுன்ட்டரில் உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார்கள் என்று நோட்டில் எழுதுவது என் வேலை. கடையை மூடியபோது கேபின் மெஷின்களை எல்லாம் விற்றுவிட்டு, கவுன்ட்டரில் இருந்ததை மட்டும் விற்க மனசு வராமல் பெட்ஷீட்டில் சுற்றி மேலே ஏற்றிவிட்டார்.

செலிரான் 433, 64 எம்பி ராம், 4.3 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன். ஆன் செய்ததும் விட்டுவிட்டு பீப் அடித்தது. ராமைக் கழற்றிக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன், 2032 பேட்டரி புதிதாக ஒன்று போட்டேன், அவ்வளவுதான், அந்தத் தொடக்க இசை ஸ்பீக்கரில் வந்தது. சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

நெட் கனெக்‌ஷன் கொடுக்கத்தான் ஒரு மாதம் ஆனது. மோடம் இருக்கிறது, ஆனால் டயல் செய்ய எண் இல்லை. சென்னைக்குத் திரும்பி, ரிச்சி தெருவில் பழைய சாமான் போட்டிருக்கும் கடையில் ரியல்டெக் 8139 நெட்வொர்க் கார்டு ஒன்று தேடிப் பிடித்தேன். அதன் டிரைவரை பென் டிரைவில் கொண்டு போக முடியாது, ஏனென்றால் 98க்கு பென் டிரைவே தெரியாது, அதற்குத் தனி டிரைவர் வேண்டும். கடைசியில் ஒரு சிடி எழுதிக் கொண்டுபோனேன். பொங்கல் லீவில் கார்டை மாட்டி, ரௌட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்து, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5ஐ, அதாவது ஐஇ 5ஐத் திறந்தோம்.

ஒன்றுமே வரவில்லை. பத்திரிகை, பேங்க், நான் வேலை பார்க்கும் கம்பெனி கட்டிய தளங்கள், எதைக் கொடுத்தாலும் பக்கத்தைக் காட்ட முடியவில்லை என்கிற அந்த வெள்ளைத் திரைதான். சித்தப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மெஷின் நல்லாத்தானடா இருக்கு?" என்றார்.

மெஷின் நன்றாகத்தான் இருந்தது. வெப்சைட் கட்டுவதையே தொழிலாக வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன், அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு பக்கம் என்பது எழுத்தும் கொஞ்சம் படமும்தான். எழுத்தைக் காட்டத் தெரிந்த மெஷின் அது. அதற்கு வாசலை அடைத்தது எங்கள் பக்கத்து ஆட்கள்தான்.

காரணம் பூட்டு. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ், அதாவது பிரவுசரும் சர்வரும் பேசத் தொடங்கும் முன்னாலேயே எந்தப் பூட்டு எந்தச் சாவி என்று ஒத்துப்போக வேண்டும். ஐஇ 5க்குத் தெரிந்த பூட்டுகள் 1990களின் எஸ்எஸ்எல்லும், மிஞ்சிப்போனால் 1999இல் வந்த டிஎல்எஸ் 1.0உம். 2014இல் பூடில் என்ற ஓட்டை வெளிவந்தபிறகு எஸ்எஸ்எல் 3ஐ எல்லோரும் கைவிட்டார்கள். 2021இல் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பே கழித்துவிட்டது. இதில் தப்பு ஒன்றும் இல்லை, பேங்க் பாஸ்வேர்டு போகிற வழியில் உளுத்த பூட்டைத் தொங்கவிடக் கூடாது. ஆனால் பாஸ்வேர்டே கேட்காத, வெறுமனே படிக்க மட்டும் இருக்கிற பக்கத்துக்கும் அதே பூட்டைப் போட்டுவிட்டுச் சாவி இல்லாதவனை வெளியே நிறுத்துகிறோம். அது எனக்கு உறுத்தியது.

அப்போதுதான் வெப் பிறந்த இடமான செர்ன் ஆய்வுக்கூடம் ஞாபகம் வந்தது. வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ அங்கே 1991இல் வெளியிட்ட உலகின் முதல் வலைத்தளத்தை, 2013இல் செர்ன் பழைய முகவரியிலேயே மறுபடி ஏற்றி வைத்தது. அந்த முகவரியை அடித்தேன். ஒரு வினாடியில் வந்து நின்றது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, நீல இணைப்புகள். அடுத்து ஃபிராக்ஃபைன்ட் என்று ஒன்று, பழைய கம்ப்யூட்டர்களுக்காகவே ஒருவர் கட்டிய தேடுதளம். தேடிய பக்கத்தை அது தன் சர்வரில் வாங்கி, எழுத்தை மட்டும் உரித்தெடுத்துப் பூட்டில்லாமல் நமக்கு அனுப்பும். ஆங்கிலப் பக்கங்கள் அழகாக வந்தன. சித்தப்பா, "தமிழ்ல ஏதாவது போடேன்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னை மூன்று மாதம் உட்கார வைத்தது. இந்த மெஷினிலும் திறக்கிற ஒரு தமிழ்த் தளத்தை நானே கட்டுவது என்று இறங்கினேன்.

தமிழுக்குப் போவதற்கு முன், சுலபமான வேலைகளைச் சொல்லிவிடுகிறேன். முதல் வேலை, பூட்டில்லாமலும் திறக்கிற ஒரு சர்வர். நான் வருடக்கணக்காகப் பணம் கட்டிவந்த ஹோஸ்டிங்கில் எல்லாவற்றையும் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடுகிற ஏற்பாட்டை நிறுத்த வழியே இல்லை, கேட்டால் பாதுகாப்பு என்று ஒரே பதில். விட்டுவிட்டுச் சின்னதாக ஒரு சர்வர் வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். புது பிரவுசரில் வருபவருக்குப் பூட்டு போட்ட பக்கம்தான் போக வேண்டும், பழையதில் வருபவருக்கு மட்டும் பூட்டில்லாத பக்கம். யார் எவர் என்று எப்படித் தெரியும்? பிரவுசர் பெயரைப் பார்த்துப் பிரிப்பது முடிவில்லாத வேலை. இதற்கு அருமையான ஒரு வழி இருக்கிறது: இன்றைய பிரவுசர்கள் ஒரு பக்கத்தைக் கேட்கும்போதே அப்கிரேட் இன்செக்யூர் ரிக்வெஸ்ட்ஸ் என்று ஒரு வரியையும் சேர்த்து அனுப்புகின்றன, எனக்குப் பூட்டு தெரியும் என்று கைதூக்குகிற மாதிரி. அந்த வரி இருந்தால் திருப்பிவிடு, இல்லாவிட்டால் அப்படியே கொடு. என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் நாலைந்து வரியில் முடிந்தது. இனிமேல் பூட்டோடு மட்டுமே வா என்று பிரவுசருக்குச் சொல்கிற எச்எஸ்டிஎஸ் போடவில்லை, குக்கி இல்லை, லாகின் இல்லை, படிவம் இல்லை.

இன்னொன்று, 1990களின் முதல் பாதியைச் சேர்ந்த பிரவுசர்கள் பல, தாங்கள் எந்தத் தளத்தைக் கேட்கிறோம் என்று பெயர் சொல்வதே இல்லை, சர்வரின் எண்ணான ஐபி முகவரிக்கு வந்து கதவைத் தட்டுவதோடு சரி. ஒரே ஐபியில் நூறு தளம் வைத்திருக்கும் ஹோஸ்டிங்கில் அவற்றுக்கு வேறு யாருடைய பக்கமோதான் கிடைக்கும். என் சர்வருக்குத் தனி ஐபி இருந்ததால் அந்தக் கவலையும் இல்லை.

பக்கத்தை டேக் என்ற குறிகளால் கட்டுகிற எச்டிஎம்எல் எழுதுவது நான் பயந்த அளவுக்கு இல்லை. முதலில் பழையதற்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என்று இரண்டு தளம் கட்டத் தொடங்கினேன், பாதியிலேயே அது வீண் என்று தெரிந்தது. தெரியாத டேகைப் பார்த்தால் அதை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டு என்பதுதான் வெப்பின் ஆரம்பகால விதி. அந்த விதியின் தயவில், 2014க்குப் பின் வந்த எச்டிஎம்எல்லில் நான் எழுதியதை 1999இல் வந்த பிரவுசர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது. எதிர்காலத்தில் என்ன வரும் என்று தெரியாமலேயே அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள், எனக்கு அந்த யோசனை மீது பெரிய மரியாதை வந்தது. வண்ணமும் இடைவெளியும் சொல்கிற சிஎஸ்எஸ்ஸைத் தனிக் கோப்பில் வைத்து இம்போர்ட் என்ற கட்டளையால் அழைத்தேன், அந்தக் காலத்து இன்னொரு பிரவுசரான நெட்ஸ்கேப் 4க்கு அந்தக் கட்டளை புரியாது, அதனால் தனக்குத் தெரியாத அலங்காரத்தைத் தொடாமல் வெறும் எழுத்தைக் காட்டும். புரிந்துகொள்ள முயன்றால்தான் அது பக்கத்தைக் குலைக்கும்.

நெட்ஸ்கேப்பிடம் ஒரு முழு மாலையும் போனது. பழைய கம்ப்யூட்டர் பத்திரிகை சிடியிலிருந்து 4.7ஐப் போட்டுப் பார்த்தேன், பக்கம் முழு வெள்ளை, ஒரு புள்ளிகூட இல்லை, ஐஇயில் நன்றாகத் தெரிகிறது. கடைசியில் பார்த்தால் ஒரு டேபிளை மூடும் டேகை எழுத மறந்திருக்கிறேன். ஐஇ தானாக மூடிக்கொள்ளும், நெட்ஸ்கேப் 4 மூடாத டேபிளைக் காட்டவே காட்டாது. அதோடு, ஒரு டேபிள் முழுவதும் இறங்கி முடிக்கும்வரை அதற்குள் இருக்கும் எதையும் காட்டாது. மோடத்தில் உட்கார்ந்திருப்பவர் முழுக் கட்டுரையும் வரும்வரை வெள்ளைத் திரையைப் பார்க்க வேண்டியதுதான். ஆகவே டேபிளை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் பத்திகளாக விட்டேன். படம் ஒன்றே ஒன்று, கடையின் பழைய போட்டோ, 22 கேபி ஜேபெக். பிஎன்ஜி போடவில்லை, ஐஇ 6 வரைக்கும் அதன் ஒளிபுகும் பின்னணியைச் சரியாகக் காட்டத் தெரியாது. அகலம் உயரம் இரண்டையும் டேகில் எழுதிவிட்டால் படம் வருவதற்குள் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சரி, தமிழ்.

இன்று எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் எழுதிய என் பக்கத்தை முதலில் திறந்தபோது வந்ததைத் தமிழில் இணையம் படித்த யாருமே பார்த்திருப்பார்கள்: தலையில் கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்திலேயே வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு குறி, மறுபடி ஏ, மறுபடி வட்டத்துக்குள் ஆர். அது ஏன் அப்படி வருகிறது என்று இத்தனை வருடத்தில் யோசித்ததில்லை. யூனிகோடைக் கோப்பில் எழுதி வைக்கும் முறையான யூடிஎஃப் 8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். நம் வரிசையில் முதல் பாதிக் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் இரண்டு பைட் ஒன்றேதான், அந்த இரண்டையும் மேற்கத்திய எழுத்தாகப் படித்தால் கோடு போட்ட ஏயும் வட்டத்து ஆரும் வரும். மூன்றாவது பைட்டில்தான் ககரமா மகரமா என்பது இருக்கிறது. பைட்டை எந்தக் குறியீடாகப் படிப்பது என்கிற இன்கோடிங்கை பிரவுசரில் மாற்றினால் கட்டம் கட்டமாக வந்தது. தமிழ் யூனிகோடை விண்டோஸ் தானாகக் காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000இல், லதா எழுத்துருவோடு. 98 அதற்கு முந்தியது.

ஆனால் அந்தக் கடையில் நாங்கள் தமிழ் படித்தோமே. மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் சித்தப்பா தமிழ்ப் பத்திரிகைகளைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். முப்பதுக்கும் மேல் தமிழ் எழுத்துருக்கள். ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்த காலம் அது, ஒன்றின் எழுத்துரு இல்லாமல் அதைப் படிக்க முடியாது. அவற்றில் பாமினி மாதிரியானவை வேலை செய்த விதம் இதுதான்: கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து, மேலே போர்த்தியிருக்கும் உருவம் தமிழ். பாமினியில் "தமிழ்" என்று எழுதினால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துருவை எடுத்துவிட்டால் அந்த ஐந்தும்தான் மிச்சம். ஐஇ 4 வந்தபிறகு பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பும் வசதி வந்தது, வாசகர் எதையும் இறக்க வேண்டியதில்லை. இன்று அந்தப் பக்கங்களைத் தேடி எடுத்தால், எழுத்துருக் கோப்பு காணாமல் போயிருந்தால், ஒரு காலத்துத் தமிழ் முழுதும் ஜேகேபிஓ என்று கிடக்கிறது.

இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்த ஒரு தலைமுறை பாடுபட்டிருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித்தான் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தரமாக்கியது. இன்னொரு பக்கம் மின்னஞ்சல் குழுக்களில் பல நாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கிய திஸ்கி என்ற குறியீடு. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய, தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாக ஏற்றும் மதுரைத் திட்டத்தின் நூல்கள் பல வருடம் திஸ்கியில்தான் வந்தன, அவற்றையெல்லாம் தன்னார்வலர்கள் உட்கார்ந்து அடித்தார்கள். திஸ்கி எழுத்துருக்கள் இரண்டு அந்த ஃபோல்டரில் இருந்தன. சித்தப்பா மதுரைத் திட்டம் படித்திருக்கிறார் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

திஸ்கியை உள்ளே பார்க்கப் பார்க்க எனக்கு அதன் மீது பிரியம் வந்துவிட்டது. ஒரு பைட்டில் 256 இடம். முதல் 128 ஆங்கிலத்துக்கு. மிச்சம் 128 இடத்துக்குள் தமிழை அடக்க வேண்டும். க், ங், ச் என்று புள்ளி வைத்தவற்றுக்குத் தனி இடம், கு கூ சு சூ என்று உகர ஊகாரங்களுக்குத் தனி இடம், ஏனென்றால் அவற்றின் உருவம் ஒவ்வொன்றும் வேறு, துண்டு சேர்த்து வரைய முடியாது. கொம்பு, கால், சங்கிலிக் கொம்பு எல்லாம் தனித் துண்டுகள். அப்புறம் முக்கியமான விஷயம், கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே எழுதுவது. "போனோம்" என்பது யூனிகோடில் பகரம், ஓகாரக் குறி, னகரம், ஓகாரக் குறி, மகரம், புள்ளி. திஸ்கியில் இரட்டைக் கொம்பு, பகரம், கால், இரட்டைக் கொம்பு, னகரம், கால், ம். சிலேட்டில் எழுதும்போது கை எந்த வரிசையில் போகுமோ அதே வரிசை. அதனால்தான் 98 போன்ற மெஷினுக்குத் தமிழ் இலக்கணம் ஒன்றுமே தெரியாவிட்டாலும் இடமிருந்து வலமாகத் துண்டுகளை அடுக்கிக்கொண்டே போனால் சரியான தமிழ் வந்துவிடுகிறது. எடையும் குறைவு. "தமிழ்" என்ற சொல் யூடிஎஃப் 8இல் 15 பைட், திஸ்கியில் 4. என் முதல் கட்டுரை யூனிகோடில் 46 கேபி இருந்தது, திஸ்கியில் 13.

கட்டுரையை யூனிகோடில் எழுதி, திஸ்கிக்கு மாற்ற நானே பைத்தானில் ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தேன். கொம்புகளை முன்னால் தள்ளுவது, ஒகர ஓகாரங்களை இரண்டாக உடைத்து மெய்யின் இரு பக்கமும் வைப்பது என்று இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன், லினக்ஸில் இருக்கும் ஐகான்வ் என்ற கட்டளைக்கு திஸ்கி இன்றும் தெரியும். இருபது வருடத்துக்கு மேலாக அந்த மாற்றும் நிரல் ஜிலிப்சி என்ற லினக்ஸின் அடிப்படை நிரல் தொகுப்போடு சேர்ந்து உலகெங்கும் லினக்ஸ் மெஷின்களில் போய்க்கொண்டிருக்கிறது, என் சர்வரிலும் இருந்திருக்கிறது. ஒரே வரியில் கட்டுரை முழுதும் மாறி வந்தது. இதை எழுதிச் சேர்த்தவருக்கு என் வணக்கம்.

இப்படி ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு கோப்பு. யூனிகோட் பக்கத்தின் உச்சியில் ஆங்கிலத்தில் ஒரு வரி வைத்தேன், தமிழ் தெரியாவிட்டால் இங்கே அழுத்தவும் என்று. ஆங்கிலத்தில் ஏனென்றால் தமிழ் தெரியாத மெஷினில் அந்த ஒரு வரியாவது படிக்க வர வேண்டும். அழுத்தினால் திஸ்கிப் பக்கம், இன்கோடிங் யூசர் டிஃபைன்ட், எழுத்துருவை இறக்கிக்கொள்ள ஒரு இணைப்பு. பக்கத்தை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, முழுத் திரையையும் ஒரே படமாக்கிப் பழைய மெஷினுக்கு அனுப்பும் புராக்சிகளும் உண்டு, அதில் எந்த மொழியும் தெரியும். நானும் போட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு மெஷின் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், படத்திலிருந்து ஒரு வரியைக் காப்பி செய்யவும் முடியாது. எனக்கு வேண்டியது அந்த மெஷின் தன் கையால் காட்டுகிற தமிழ்.

சித்திரைப் பிறப்புக்கு ஊருக்குப் போனேன். முதல் கட்டுரையே சித்தப்பாவின் கடையைப் பற்றியதுதான், அவரிடம் சொல்லியிருக்கவில்லை. முகவரியை அடித்துவிட்டு நகர்ந்து, அவரை உட்காரச் சொன்னேன். எழுத்து மேலிருந்து வந்து நின்றது, அப்புறம் போட்டோ. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"கடைப் பேரு சரியா வரலையேடா" என்றார்.

பார்த்தேன். கடைப் பெயரின் முதல் எழுத்து ஸ்ரீ, அந்த இடம் மட்டும் சிதைந்திருந்தது. திஸ்கியில் ஸ்ரீக்குத் தனி இடமே உண்டு, பிறகு ஏன்? லேப்டாப்பைத் திறந்து மூலக் கோப்பைப் பார்த்தபோது தெரிந்தது: அந்தப் பத்தியை பஸ்ஸில் வரும்போது போனில் எழுதினேன், போன் கீபோர்டு ஸ போட்ட ஸ்ரீக்குப் பதிலாக ஶ போட்டிருக்கிறது. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஶ யூனிகோடில் சேர்ந்ததே 2005இல், திஸ்கிக்கு அப்படி ஓர் எழுத்து இருப்பதே தெரியாது. நானும் மாற்ற முடியாததை விட்டுவிடு என்று கட்டளையில் சொல்லி வைத்திருந்தேன், அது விட்டுவிட்டது. ஓர் எழுத்தைத் திருத்தி, மறுபடி மாற்றி, சர்வரில் ஏற்றினேன்.

"இப்ப எஃப் 5 அடிங்க சித்தப்பா."

அடித்தார். ஸ்ரீ வந்து உட்கார்ந்தது. சித்தப்பா மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்து வாசல் பக்கம் கொஞ்சம் திருப்பினார், "இங்க வாயேன், வந்து இதப் பாரு" என்று சித்தியைக் கூப்பிட்டார்.